மேகத்துக்குக் காத்திருந்தவர்

கண்ணாடிக் கடை நடத்துகிறவனுக்குக் கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மூக்குக்கண்ணாடி பிரேமை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது, "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லாவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பதுளை டவுனில் நான் இதை இருபத்தைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதனாலோ என்னவோ, என் கடையின் முன்மூலையில் ஆறு வருஷம் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அந்த அக்காவை எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவர் கல் பார்ப்பவர். அந்த மூலையில் முன்பு கைக்கடிகாரம் திருத்துகிற ஒருவர் இருந்தார். அவர் மகனோடு கொழும்புக்குப் போனபிறகு இடம் சும்மா கிடந்தது. ஒருநாள் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா வந்து, "வாசல் வெளிச்சம் நல்லா விழுதுங்க, இந்த மூலைய எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். கழுத்தில் சிலுவை, கையில் பிஸ்கட் டின். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவர் என்றும், இரத்தினபுரியில் பல வருஷம் கல் வியாபாரிகளிடம் வேலை செய்தவர் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்குப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றேன். அவர் என்னைக் கடைசிவரை மொதலாளி என்றுதான் கூப்பிட்டார்.

ஒக்கம்பிட்டியாவிலிருந்து, பசறையிலிருந்து, தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆற்றில் கிடைத்த கல், அப்பா விட்டுப்போன மோதிரக் கல், சீட்டு விளையாடி ஜெயித்த கல் என்று எல்லாம் தாளில் மடித்து வரும். அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு சின்னப் பித்தளைக் குழாயை எடுப்பார். விரல் நீளம்தான் இருக்கும். அதற்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அக்கா குழாய் என்பார். ஒரு முனையைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, மறுமுனையில் கண்ணை வைத்து, கல்லை மெதுவாகத் திருப்புவார். பிறகு இரண்டில் ஒரு பதில் வரும்.

"ரெண்டு தெரியுது."

அல்லது, "ஒண்ணுதான் தெரியுது."

அவ்வளவுதான். நல்ல கல்லா என்று கேட்டால் பதில் வராது. அசலா, டூப்பா என்று கேட்டாலும் வராது. "ரெண்டு தெரிஞ்சா அது கண்ணாடித் துண்டு இல்ல. ஒண்ணுதான் தெரிஞ்சா கண்ணாடியாவும் இருக்கலாம், வேற சில கல்லாவும் இருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியலைங்க" என்பார். காட்டைக் கடந்து மலை இறங்கி வந்த மனுஷன் இன்னும் நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று நின்றுகொண்டே இருப்பான். அக்கா குழாயைத் துணியில் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எனக்குத்தான் மனசு கேட்காது. "பரவாயில்ல தம்பி, கல்லு பார்வையா இருக்கு" என்று நான் ஏதாவது சொல்லி அனுப்பிவைப்பேன்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அக்கா டின்னிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். கற்கண்டுக் கட்டி போல, ஆனால் சாய்ந்த பெட்டி வடிவம். அதை அன்றைய பேப்பரின் மேல் வைத்தார். கீழே இருந்த எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. நான் கண்ணைக் கசக்கினேன்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு மொதலாளி" என்றார் அக்கா. கடை மூலையில் கட்டியிருந்த கொடிக்கயிற்றை ஒரு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். "இது ஒரு ஆட்டம்." பக்கவாட்டில் ஆட்டினார். "இது இன்னொரு ஆட்டம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கிட்டுத்தான் வரும். இந்தக் கல்லுக்குள்ள போனதும் ரெண்டாப் பிரிஞ்சிரும். ஒண்ணு இப்படி மட்டும் ஆடும், ஒண்ணு அப்படி மட்டும் ஆடும். வேற வேற வழியில வெளிய வரும். அதான் எழுத்து ரெண்டு."

அந்தக் கல்லில் ஒரு துண்டைத்தான் குழாய்க்குள் வைத்திருந்தார்கள். கெம்பு போன்ற சில கற்கள் அந்த இரண்டு ஆட்டத்துக்கும் வேறு வேறு நிறம் கொடுக்குமாம். கலந்து வரும்போது நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. குழாய் அவற்றைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னச் சன்னல்களாகக் காட்டும். ஒரு சன்னலில் ஊதா கலந்த சிவப்பு, மற்றதில் செங்கல் கலந்த சிவப்பு. கண்ணாடித் துண்டென்றால் இரண்டு சன்னலும் ஒரே நிறம். நானும் பார்த்தேன். எத்தனையோ கெம்பு பார்த்திருக்கிறேன், அதற்குள் இரண்டு சிவப்பு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவு விளக்கமாகப் பேசியவர் மற்ற விஷயங்களில் மகா கருமி. என் மனைவி தீபாவளிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, "எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டாள். "பச்சையா இருக்கு" என்றார் அக்கா. வடை கொடுத்தால் "சூடா இருக்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் எப்படி என்று கேட்டால், "முக்கால் மணித்தியாலம்." என் மனைவி அந்தப் புடவையை அப்புறம் கட்டவே இல்லை. அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

பக்கத்து ஊரான எல்லவுக்கு வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு நான் சன்கிளாஸும் விற்கத் தொடங்கினேன். அங்கே த்ரீவீலர் ஓட்டும் பையன்களுக்கும் அது வேண்டியிருந்தது. ஒருதடவை ஒரு பெட்டி நிறைய வந்தது. 'போலரைஸ்டு' என்று ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். ஒரு டிரைவர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வழக்கமான வசனத்தைச் சொல்லிவிட்டு, "ரோட்டுல தண்ணி பளபளக்கிறதையெல்லாம் இது வெட்டிரும்" என்றும் சேர்த்தேன்.

அக்கா கையை நீட்டினார். "ஒருக்கா தாங்க தம்பி."

இரட்டை காட்டும் அந்தக் கல்லைப் பேப்பரில் வைத்து, சன்கிளாஸை அதற்கு மேல் பிடித்து மெதுவாகச் சுழற்றினார். "நல்லதா இருந்தா, திருப்பத் திருப்ப ஒரு எழுத்து மறையும். அப்புறம் அது வரும், மத்தது மறையும். ஒரு ஆட்டத்த மட்டும்தான் அது உள்ள விடும். இதுல ரெண்டும் நிக்குது."

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் போனபிறகு நான் அக்காவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்த பெட்டியை அக்காவிடம் கொடுத்துச் சுழற்றிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பிரித்தேன். அவரிடம் தோற்றுப் போனதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு டிரைவரும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வரவில்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரெல்லாம் எப்போது வெயில் வரும், துணி காயும் என்று பார்த்திருக்கும். அக்கா மட்டும் எப்போது மேகம் வரும் என்று பார்ப்பார். பளிச்சென்று நீல வானமாக இருந்தால் டின்னைத் திறக்கவே மாட்டார். "நீல வானத்து வெளிச்சம் முன்னாடியே ஒரு பக்கமாச் சாஞ்சு ஆடிக்கிட்டு வருது. குழாய ஏமாத்திரும். மேகம் வரட்டும்." டியூப் லைட் இருக்கிறதே என்றால் வேண்டாமென்று தலையாட்டுவார். கல்லோடு வந்தவர்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தபடி இருப்பார்கள்.

அவர் வந்த ஆறாவது வருஷம் ஐப்பசி மழையில் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மண் சரிந்தது. ஒரு லயத்தில் பாதி கீழே போனது. சிலருடைய உடல் கிடைத்தது, சிலருடையது கிடைக்கவில்லை. மிச்சப்பட்டவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தச் சேற்றில் தண்ணீர் வடியக் கான் வெட்டியவர்களுக்கு ஒரு மூக்குத்தி கிடைத்தது. ஒற்றைச் சிவப்புக் கல், தங்கத்தில் பதித்தது.

அதைத் தோட்டத்துத் தலைவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு காலையில் கடைக்கு வந்தார். கூடவே இரண்டு பெண்கள், செல்வி, ரோஸ்மேரி. இருவருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். இருவருடைய அம்மாவும் அந்த மண்ணுக்குள் போனவர்கள், உடல் கிடைக்காதவர்கள். லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா வீட்டில் இருந்தவர்கள்.

"ரெண்டு பேரும் எங்கம்மாதுங்கிறாங்க" என்றார் தலைவர். "ரெண்டும் ஒரே பத்தர் செஞ்சது, ஒரே மாதிரி. என்னால தீர்ப்புச் சொல்ல முடியல. வித்தியாசம் கல்லுல மட்டும்தானாம்."

ரோஸ்மேரி சொன்னாள்: "எங்க மாமா ஒக்கம்பிட்டியாவுல கல்லுக் குழி வெட்டுனாரு. அவரு அம்மாவுக்குக் குடுத்த கெம்புங்க."

செல்வி மறைக்கவில்லை. "எங்கம்மாது கண்ணாடிக் கல்லுங்க. ரோஸ்மேரி அம்மா போட்டிருந்தத பார்த்து ஆசப்பட்டு அதே மாதிரி செஞ்சாங்க. கல்லு மட்டும் திருவிழாக் கடையில வாங்குனது."

விற்பதற்காக இல்லை. ரோஸ்மேரி தன் அம்மாவுக்குக் கல்லறை கட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாத குழியை எப்படி மூடுவது என்று கேட்டாள். செல்வியின் அம்மாவுக்கு இன்னும் கருமாதி நடக்கவில்லை. ஏதாவது ஒன்று கிடைக்கட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இருவர் கையிலும் அம்மாவுடையது என்று வேறு எதுவும் இல்லை. வீடே போய்விட்டதே.

காலைப் பனி இன்னும் கலையவில்லை. அக்கா மூக்குத்தியை வாங்கி முன்பக்கமாகக் குழாயை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான் தெரியுது."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்கம்மாது. எங்கம்மாதுதான்."

"இல்லம்மா" என்றார் அக்கா. "இரு. முன்னால இருந்து பார்த்தா ஒண்ணு. கெம்புக்குள்ளயும் ஒரு தெச இருக்கு. அந்தத் தெசையில பார்த்தா அதுவும் ஒண்ணாத்தான் காட்டும். பக்கத்துல இருந்து பார்க்கணும். தங்கம் மூடியிருக்கு. கல்லக் கழட்டணும்."

இரண்டு பெண்களுக்குமே அது பிடிக்கவில்லை. மண்ணுக்குள் நசுங்காமல் முழுசாக வந்த ஒரே பொருள். அதை இடுக்கி போட்டு நெம்புவதா? தலைவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். எனக்கும் பொறுக்கவில்லை. அக்காவின் காதருகில் போய், "யாராவது ஒருத்திக்குச் சொல்லி விட்டிருங்க அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

பிறகு அவர் அந்தப் பெண்களிடம் பேசினார். ஆறு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டது அன்று மட்டும்தான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"என் தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணுனப்ப மாப்பிள வீட்டுல மோதிரம் போட்டாங்க. கெம்பு மோதிரம். நான் அப்பதான் இரத்தினபுரியில இருந்து இந்தக் குழாய வாங்கிக்கிட்டு வந்திருந்தேன். எல்லாரும் கேட்டாங்கன்னு சபையில வச்சே பார்த்தேன். முன்னால இருந்து மட்டும் பார்த்தேன். ஒண்ணுதான் தெரியுதுன்னு சொன்னேன். கண்ணாடியத் தந்து ஏமாத்துறாங்கன்னு எங்கப்பா மோதிரத்தக் கழட்டித் தட்டுல போட்டுட்டாரு. அவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பையன் கட்டாருக்குப் போறதுக்கு முந்தி கல்ல மட்டும் நெம்பி எடுத்துத் தாள்ல மடிச்சு எனக்கு அனுப்பி வச்சான். பக்கத்துல இருந்து பார்த்தேன். ரெண்டு தெரிஞ்சது."

அக்கா மூக்குத்தியை மேசையில் தாளின் மேல் வைத்தார்.

"தங்கச்சி பண்டாரவளையிலதான் இருக்கா. என்னோட பேசுறதில்ல" என்று முடித்தார் அக்கா.

செல்விதான் முதலில் எழுந்தாள். முன்பக்கமாகப் பார்த்த பதில் அவளுக்குச் சாதகமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் போயிருக்கலாம், தலைவரும் சரியென்றிருப்பார். ஆனால் அவள் ரோஸ்மேரியைப் பார்த்து, "கழட்டட்டும் ரோஸ். அடுத்தவங்க அம்மாவ வச்சு நான் கருமாதி பண்ணக் கூடாது" என்றாள். ரோஸ்மேரி தலையாட்டினாள்.

பின்தெருப் பத்தரிடம் நானே கூட்டிப்போனேன். பாதிக் கடலையளவுகூட இல்லாத கல் ஒரு தாளில் வந்தது, வளைந்த தங்கம் இன்னொரு தாளில். திரும்பி வந்தபோது பனி போய்விட்டது. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"மேகம் வரட்டும்" என்றார் அக்கா.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தலைவர் இனி பஸ் இல்லை என்று எழுந்து ஹோட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நான் சன்கிளாஸைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். இரண்டு பெண்களும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பனிஸ் வாங்கி இரண்டாகப் பிய்த்துத் தின்றார்கள். அம்மாக்கள் இருவரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எப்போதும் ஒன்றாகத்தான் போவார்கள் என்று செல்வி சொன்னாள். மழை பெய்தால் ஒரே படங்குத் துணிக்குள் நுழைந்துகொள்வார்களாம். மூக்குத்தியைப் பார்த்து யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்று கணக்கப்பிள்ளை கேலி செய்வாராம். ரோஸ்மேரி சிரித்தாள். அப்புறம் சிரித்ததற்காக அழுதாள்.

மத்தியானம் தாண்டித்தான் நமுனுகுல மலைப் பக்கமிருந்து மேகம் வந்தது. வாசல் வெளிச்சம் மங்கி வெள்ளையானது. அக்கா எழுந்து வாசலுக்குப் போய்க் கல்லை இடுக்கியில் பிடித்தார். முன்னால் பார்த்தார். திருப்பினார். பக்கத்தில் பார்த்தார். மறுபடி திருப்பினார். செல்வி ரோஸ்மேரியின் கையைப் பிடித்திருந்தாள்.

"ரெண்டு தெரியுது" என்றார் அக்கா.

ரோஸ்மேரி அந்த இரண்டு தாள்களையும் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அடக்கத்துக்கு நீயும் வரணும் செல்வி" என்றாள். செல்வி வருகிறேன் என்றாள். பிறகு, "நானும் ஒருக்காப் பார்க்கலாமாங்க?" என்று கேட்டாள். அக்கா குழாயைக் கொடுத்து, ரோஸ்மேரியிடம் கல்லைத் திரும்ப வாங்கிப் பிடித்துக் காட்டினார். செல்வி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஆமாம், ரெண்டு இருக்கு என்றாள்.

தலைவர் வந்து த்ரீவீலர் பேசிவிட்டதாகச் சொன்னார். ரோஸ்மேரி அவரோடு வெளியே போய்விட்டாள். செல்வி மட்டும் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எங்கம்மா வலி தெரியாமத்தான் போயிருப்பாங்களா?"

அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியலம்மா என்பார். ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பதில்தானே. நான் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிடலாம் என்று கல்லாவை விட்டு எழுந்தேன். அந்த மாதிரி நேரத்தில் பேச எனக்குத்தான் வரும்.

அதற்குள் அக்கா செல்வியின் கன்னத்தில் கையை வைத்தார்.

"ஆமாம்மா. தூக்கத்துலயே போயிருப்பாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"நிச்சயமாங்களா?"

"நிச்சயமா."

செல்வி ஒரு பெரிய மூச்சு விட்டாள். போய் வண்டியில் ரோஸ்மேரி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி வளைவு திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றார். பிறகு வந்து மேசையில் உட்கார்ந்து குழாயைத் துடைக்க ஆரம்பித்தார். மண் சரிந்தது காலையில் பெரட்டுக்குப் புறப்படுகிற நேரத்தில் என்று தலைவர் வந்தபோது சொன்னதை அவரும் கேட்டிருந்தார், நானும் கேட்டிருந்தேன். அந்த நேரத்தில் தோட்டத்தில் யாரும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அது செல்விக்கும் தெரியாமல் இருக்காது.

கேலியாகக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். குரல் வேறு மாதிரி வந்தது. "அதை எப்படி அக்கா பார்த்தீங்க?"

அவர் குழாயின் முனையைத் துடைத்து முடித்தார். டின்னுக்குள் வைத்தார்.

"பார்க்கல மொதலாளி" என்றார்.

அன்று சாயங்காலம் வரை மேகம் கலையவில்லை. அவருக்கு வேண்டிய வெளிச்சம் வாசல் நிறைய இருந்தது. கல்லோடு வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.